ஏரிக்கரையை அரிக்கும் காற்று: புயல் திசை மாறும் நேரத்தில் கூடுதல் கவனம்

வடகிழக்குப் பருவமழைக்கு முன் வரத்துக்கால் தூர்வாருகிறோம், மதகு பார்க்கிறோம், கலிங்கு பார்க்கிறோம். காற்றை மட்டும் கணக்கில் எடுப்பதில்லை. நிரம்பிய ஏரியின் மேல் ஓர் இரவு முழுக்கப் பலத்த காற்று அடித்தால், கலிங்கு வழியாக உபரி நீர் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தாலும் கரை உடைய வாய்ப்பு உண்டு. அலை விடாமல் மோதி உட்பக்க மண்ணைக் கரைத்துவிடும்.

கார்த்திகையில் கரை உடைந்தால் இழப்பு இரண்டு. கரைக்குக் கீழே உள்ள சம்பாவை மணல் மூடிவிடும். தை, மாசிக்கு நம்பியிருந்த தண்ணீரும் ஒரே நாளில் போய்விடும்.

ஆனால் அலை ஏரியைச் சுற்றி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மோதுவதில்லை. எங்கே மோதும் என்பதை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். அந்தப் பகுதியை மட்டும் ஐப்பசி பிறக்கும் முன் பலப்படுத்திவிட்டால் பெரிய ஆபத்து நீங்கும்.

திருச்சிக்கு இது புதிதல்ல

கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருப்பதால் புயல் காற்று நமக்கு வராது என்று நினைக்க வேண்டாம். 1977 நவம்பர் 12-ம் தேதி அதிகாலை நாகப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே கரை கடந்த புயல் நேராக உள்மாவட்டங்களுக்குள் வந்தது. அன்று காலை திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டையில் மணிக்குச் சுமார் 120 கி.மீ. வேகத்தில் காற்று பதிவானது. அந்தப் புயலில் தமிழகத்தில் 560 பேர் இறந்தார்கள். 2018 நவம்பர் 16-ம் தேதி வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயலும் திருச்சி மாவட்டத்தின் தெற்குப் பகுதியைத் தொட்டுக்கொண்டுதான் மேற்கே போனது.

ஸ்ரீரங்கம் என்றதும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள தீவுதான் நினைவுக்கு வரும். ஆனால் ஸ்ரீரங்கம் வட்டத்தின் தெற்குப் பகுதியில் நவலூர் குட்டப்பட்டு, இனாம்குளத்தூர் பக்கம் போனால் ஊருக்கு ஊர் ஏரி, குளம். கிழக்கே உய்யக்கொண்டான் வாய்க்காலின் கடைசியில் வாழவந்தான்கோட்டை ஏரி இருக்கிறது. வடக்கே துறையூர் பக்கமும் பெரிய ஏரிகள் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை மண்கரை ஏரிகள். ஆழம் குறைவு, பரப்பு அதிகம். காற்று விளையாட ஏற்ற இடம் இதுதான்.

அலை எப்படிப் பெரிதாகிறது?

மூன்று விஷயங்கள் அலையின் உயரத்தைத் தீர்மானிக்கின்றன: காற்றின் வேகம், காற்று தடையில்லாமல் ஓடும் நீர்ப்பரப்பின் நீளம், காற்று அடிக்கும் நேரம்.

மணிக்கு 50 கி.மீ. வேகக் காற்று 1 கி.மீ. நீளமான திறந்த நீர்ப்பரப்பின் மேல் ஓடினால், எதிர்க்கரையில் ஏறக்குறைய முக்கால் அடி முதல் 1 அடி உயர அலை மோதும். நீர்ப்பரப்பின் நீளம் நான்கு மடங்கானால் அலை உயரம் சுமார் இரண்டு மடங்காகும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானாலும் அலை உயரம் இரண்டு மடங்குக்குக் குறையாது. உயரம் இரண்டு மடங்கானால் அந்த அலையின் சக்தி நான்கு மடங்காகும்.

முக்கால் அடி அலைதானே என்று தோன்றும். ஆனால் அது இரண்டு மூன்று விநாடிக்கு ஒரு முறை மோதும். ஒரு மணி நேரத்தில் ஆயிரம் முறைக்கு மேல். ஓர் இரவில் பத்தாயிரம் முறையைத் தாண்டும். ஒவ்வொரு முறையும் அலை சரிவில் ஏறி, இறங்கும்போது கொஞ்சம் மண்ணை இழுத்துக்கொண்டு போகும். முதலில் நீர்மட்டத்தை ஒட்டிப் படி போல ஒரு வெட்டு விழும். பிறகு அதன் அடி குடையும். மேலே தொங்கும் மண் பாளம் பாளமாக விழும். கரையின் மேல்தளம் உள்பக்கமிருந்து குறுகிக்கொண்டே வரும். மீதி உள்ள மண் ஏற்கெனவே மழையில் ஊறியிருக்கும். அதனால் கடைசி ஓரிரு அடி சீக்கிரம் போய்விடும்.

காற்று இன்னொரு வேலையும் செய்கிறது. ஏரித் தண்ணீரையே ஒரு பக்கமாகத் தள்ளி அங்கே மட்டத்தை உயர்த்துகிறது. 1 கி.மீ. நீளமுள்ள ஏரியில் இந்த உயர்வு ஓரிரு அங்குலம்தான். ஏரி நீளமாகவும் ஆழம் குறைவாகவும் இருந்தால் அது அரை அடி, ஓர் அடி என்று கூடும்.

இது மிகப் பெரிய ஏரியில் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள ஓக்கிசோபி ஏரி ஓர் எடுத்துக்காட்டு. அதுவும் பரந்த, ஆழம் குறைந்த ஏரி. 1928 செப்டம்பர் 16 இரவு புயல் வந்தபோது, வடக்கிலிருந்து அடித்த காற்று ஏரித் தண்ணீரைத் தெற்குக் கரைக்குத் தள்ளியது. தாழ்வான மண்கரை உடைந்தது. 2,500 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் விவசாயக் கூலித் தொழிலாளர்கள். புயல் கடந்ததும் காற்று திசை மாறி, தண்ணீர் வடக்குக் கரைப் பக்கமும் ஏறியது. இந்தத் திசை மாற்றம்தான் நாமும் கவனிக்க வேண்டியது.

எந்தக் காற்றில் எந்தக் கரைக்கு ஆபத்து?

ஆடிக் காற்று: ஆனி, ஆடி, ஆவணியில் நம் பகுதியில் மேற்கு, தென்மேற்குக் காற்று பலமாக வீசும். மழையை நம்பும் ஏரிகள் அப்போது வறண்டு கிடப்பதால் கவலை இல்லை. ஆனால் காவிரித் தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து சேரும் ஏரிகள் அந்த நேரத்திலும் நிரம்பியிருக்கலாம். அவற்றில் கிழக்கு, வடகிழக்குக் கரைகளில் அலை மோதும்.

வடகிழக்குக் காற்று: ஐப்பசி, கார்த்திகையில் வழக்கமாக வீசும் காற்று இது. தண்ணீரைத் தென்மேற்குப் பக்கம் தள்ளும். காவிரிக்குத் தெற்கே நிலம் பெரும்பாலும் வடக்கு, வடகிழக்காகச் சரிந்து ஆற்றை நோக்கிப் போகிறது. அதனால் அங்குள்ள பல ஏரிகளில் பிரதான கரை வடக்கிலோ கிழக்கிலோ இருக்கும். வடகிழக்குக் காற்று அந்தக் கரையை அதிகம் தாக்காது. ஏரியின் உள்வாயில், தண்ணீர் வரும் பக்கத்து வயல்களில் தண்ணீர் ஏறும்.

புயல் காற்று: நம் நாட்டில் புயல் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழலும். கஜாவைப் போலப் புயல் உங்களுக்குத் தெற்கே கடந்து மேற்கே போனால், காற்று முதலில் வடகிழக்கிலிருந்து அடிக்கும். பிறகு கிழக்கு, கடைசியில் தென்கிழக்கு என்று மாறும். 2020 நவம்பரில் புதுச்சேரி அருகே கரை கடந்த நிவரைப் போல உங்களுக்கு வடக்கே கடந்து மேற்கே போகும் புயலாக இருந்தால், காற்று முதலில் வடமேற்கு, பிறகு மேற்கு, கடைசியில் தென்மேற்கு.

இரண்டு பாதையிலும் கடைசிக் கட்டத்தில் காற்று தெற்குப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. அதாவது வடக்குக் கரையை நோக்கி அடிக்கிறது. ஏரியும் அந்த நேரத்தில்தான் முழுதாக நிரம்பியிருக்கும். புயலில் பெய்த மழை ஓடை வழியாக வந்து சேர அவ்வளவு நேரம் ஆகும். "புயல் கரை கடந்துவிட்டது, இனி பயமில்லை" என்று எல்லோரும் வீட்டுக்குப் போகிற நேரம் அதுவே. வடக்குக் கரை உள்ள ஏரிக்காரர்கள் அந்தச் சில மணி நேரம் கரையை விட்டுவிடக் கூடாது.

உங்கள் ஏரியில் மோதும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு நாள் காலை இரண்டு மூன்று பேர் கரை முழுக்க நடந்தால் போதும்.

1. கரையில் நின்று எதிரே பாருங்கள். எந்த இடத்திலிருந்து பார்த்தால் திறந்த நீர்ப்பரப்பு மிக நீளமாகத் தெரிகிறதோ, அந்த இடத்தில் பெரிய அலை வரும். கரை வளையும் மூலைகளைக் கவனமாகப் பாருங்கள்.

2. குப்பை ஒதுங்கிய இடத்தைப் பாருங்கள். ஆகாயத்தாமரை, சருகு, பிளாஸ்டிக், நுரை எல்லாம் சேரும் மூலைதான் போன ஆண்டு காற்று தள்ளிய பக்கம்.

3. பழைய நீர்மட்டத்தை ஒட்டிப் படி போன்ற வெட்டு, குடைவு இருக்கிறதா என்று பாருங்கள். மண்ணிலிருந்து பிரிந்து தொங்கும் வேர், இடம் பெயர்ந்து கீழே உருண்டு கிடக்கும் அலைகல் ஆகியவையும் அதே அடையாளம்தான்.

4. கரையின் மேல்தள அகலத்தை அளந்து எழுதுங்கள். ஒரே கரையில் ஓர் இடம் மட்டும் குறுகியிருந்தால் அங்கே அரிப்பு நடந்திருக்கிறது.

5. கலிங்கின் மட்டத்திலிருந்து கரை எவ்வளவு உயரம் என்று பாருங்கள். நடைபாதை, மாட்டுத்தடம், டிராக்டர் ஏறி இறங்கும் இடம் தாழ்ந்திருக்கும். சிறிய ஏரியானாலும் வெள்ள நேரத்தின் உச்ச நீர்மட்டத்துக்கு மேல் 3 அடியாவது கரை நிற்க வேண்டும். பெரிய ஏரிக்கு இன்னும் கூடுதலாக வேண்டும்.

இந்த ஐந்தில் மூன்று அடையாளம் ஒரே இடத்தில் சேர்ந்து தெரிந்தால் அதுதான் நீங்கள் தேடும் இடம். அங்கே ஒரு கல் நட்டு வையுங்கள். இரவில் வந்தாலும் அடையாளம் தெரியும்.

ஐப்பசிக்கு முன் செய்ய வேண்டியவை

மண் சேர்ப்பது: குடைந்த இடத்தில் மேலாக மண்ணைக் கொட்டினால் முதல் மழையிலேயே வழுக்கி இறங்கிவிடும். பழைய சரிவைப் படிப்படியாக வெட்டி, களியும் கிராவலும் கலந்த மண்ணை அரை அடி அரை அடியாகப் போட்டு, தண்ணீர் தெளித்து, திமுசு போட்டுக் கெட்டிக்க வேண்டும். உட்சரிவு செங்குத்தாக இருக்கக் கூடாது. 1 அடி உயரத்துக்கு ஒன்றரை முதல் 2 அடி கிடைமட்டமாகச் சரிய வேண்டும். சரிவு படுத்திருந்தால் அலை ஏறித் தானே ஓய்ந்துவிடும்.

அலைகல்: கல்லை நேராக மண் மேல் அடுக்கினால், கல் இடுக்கு வழியாக அலை மண்ணை உறிஞ்சிவிடும், சில ஆண்டுகளில் கல் உள்ளே இறங்கும். அடியில் அரை அடி கனத்துக்குக் கிராவலும் ஜல்லியும் பரப்பி, அதன் மேல் முக்கால் அடி முதல் 1 அடி கனமுள்ள கற்களை நெருக்கமாகப் பதிக்க வேண்டும். சரிவின் அடியில் பெரிய கற்களை மண்ணுக்குள் புதைத்துக் கால் கொடுக்க வேண்டும். கரை முழுக்கக் கல் பதிக்கப் பணம் இல்லையென்றால் கல் நட்ட இடத்துக்கு மட்டும் முதலில் செய்யுங்கள்.

வெட்டிவேர்: கல்லுக்கு வழியில்லாத இடத்தில் நல்ல பலன் தரும். ஆடி, ஆவணியில் நட்டால் மழைக்குள் பிடித்துவிடும். வரிசையில் அரை அடிக்கு ஒரு தூர், வரிசைக்கு வரிசை 3 அடி, கரையின் நீளவாக்கில் நட வேண்டும். வேர் செங்குத்தாகக் கீழே போவதால் மண்ணைத் தைத்தது போலப் பிடிக்கும். நட்டதும் இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றவும், ஆடு மாடு மேயாமல் பார்க்கவும் ஆள் வேண்டும். இந்த ஆண்டு நட்டது அடுத்த ஆண்டுதான் முழுப் பலம் பெறும்.

நாணலும் சம்பும்: கரை அருகே ஆழம் குறைந்த இடத்தில் வளரும் நாணல், சம்புப் புல்லை முழுக்க அழிக்காதீர்கள். அலை கரைக்கு வருவதற்கு முன்பே அதன் வேகத்தைக் குறைப்பது அவைதான். மதகு வாயிலும் கலிங்கு முன்பும் மட்டும் சுத்தம் செய்தால் போதும்.

மரம்: கரையின் மேல்தளத்தில் பெரிய மரம் வேண்டாம். காற்றில் சாய்ந்தால் வேரோடு கரை மண்ணையும் பெயர்த்துவிடும். சீமைக்கருவேலத்தை வெட்டினால் வேரையும் எடுத்து, குழியைக் களிமண் போட்டு இடித்து மூடுங்கள். விட்டுவிட்டால் வேர் மக்கிய வழியில் தண்ணீர் கசியும். பனையை வெளிச்சரிவின் அடியில் வரிசையாக நடலாம். வெளிச்சரிவு முழுக்க அருகம்புல் படர விடுங்கள்.

செய்யக் கூடாதவை

கலிங்கின் மேல் பலகை, மண்மூட்டை வைத்துக் கூடுதலாகத் தண்ணீர் தேக்கும் பழக்கம் பல ஊரில் இருக்கிறது. ஓர் அடி கூடுதல் தண்ணீருக்காக, அலையைத் தாங்க வேண்டிய கரை உயரத்தில் ஓர் அடியை இழக்கிறீர்கள். புயல் அறிவிப்பு வந்தால் முதல் வேலையாக அந்தப் பலகையை எடுங்கள்.

வண்டல் மண் எடுக்க அனுமதி கிடைத்தால், அதிகாரி குறித்துக் கொடுத்த எல்லைக்குள் மட்டும் எடுங்கள். கரையின் அடியை ஒட்டித் தோண்டினால் அங்கே ஆழம் கூடும். ஆழம் கூடினால் அலை வழியில் உடையாமல் முழு வேகத்தில் கரையில் மோதும். கரையின் காலும் பலமிழக்கும்.

காற்று அடிக்கும் இரவில்

மழைக்காலம் முழுக்க ஒரு கொட்டகையில் 200 வெறும் சாக்கு, சவுக்குக் கம்பு, கயிறு, மண்வெட்டி, டார்ச் லைட் தயாராக இருக்கட்டும். மண்ணையும் முன்கூட்டியே வெளிப்பக்கத்தில் குவித்து வையுங்கள். அந்த நேரத்தில் கரை அடியிலிருந்து மண் வெட்டி எடுப்பது பெரிய தவறு.

சாக்கில் முக்கால் பங்கு மண் போட்டுக் கட்டினால் போதும். நிறைத்துக் கட்டிய மூட்டை ஒன்றோடு ஒன்று படியாது. செங்கல் அடுக்குவது போல இணைப்பு மாறி மாறி வரும்படி, உட்சரிவில் நீர்மட்டத்துக்குக் கீழிருந்து மேலே அடுக்குங்கள்.

மூட்டை போதவில்லையென்றால் தென்னை ஓலை, வைக்கோல் பிரியைச் சரிவில் பரப்பிக் கம்பு அடித்து நிறுத்துங்கள். திருச்சிப் பக்கம் வாழைக்குப் பஞ்சமில்லை. அறுவடை முடிந்த வாழைத் தண்டுகளைக் கயிற்றால் வரிசையாகக் கட்டி, கரையிலிருந்து பத்தடி தள்ளி மிதக்க விட்டு, இரு முனையையும் கம்பில் கட்டினால் சிறிய அலை அதிலேயே உடையும். இவை அந்த இரவைத் தாண்ட மட்டுமே உதவும்.

தனியாகக் கரைக்குப் போகாதீர்கள். குடைந்த விளிம்பின் மேல் கால் வைக்காதீர்கள். வெளிச்சரிவில் கலங்கிய தண்ணீர் கசிவதைப் பார்த்தால், மூட்டை அடுக்குவதை விட்டுவிட்டு முதலில் கீழே குடியிருப்பவர்களை எழுப்புங்கள். தெளிந்த கசிவு காத்திருக்கும். கலங்கிய கசிவு கரைக்குள்ளிருந்து மண் போகிறது என்பதற்கு அடையாளம்.

நிலம் இருக்கும் இடத்துக்கு ஏற்ப

கரைக்குக் கீழே தாழ்ந்த வயல் என்றால், சம்பா பட்டத்துக்கு வெள்ளம் தாங்கும் சி.ஆர். 1009 சப் 1 ரகத்தைப் பரிசீலியுங்கள். ஏறக்குறைய இரண்டு வாரம் மூழ்கினாலும் மீண்டும் துளிர்க்கும். ஏரி உள்வாயை ஒட்டிப் பட்டா நிலம் உள்ளவர்கள், வடகிழக்குக் காற்றில் தண்ணீர் ஏறும் கடைசிப் பாத்திகளில் நாற்றங்காலோ வைக்கோல் போரோ வைக்க வேண்டாம்.

தீவிலும் காவிரி, கொள்ளிடக் கரையிலும் நிலம் உள்ளவர்களுக்கு நிலைமை வேறு. ஆற்றங்கரையை அரிப்பது பெரும்பாலும் நீரோட்டம், காற்று அல்ல. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் உடைந்ததும், கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலம் சரிந்ததும் வெள்ள ஓட்டத்தில்தான். அங்கே வெட்டிவேரும் வாழைத்தண்டும் போதாது. அரிப்பு கண்டால் நீர்வளத்துறைக்குச் சொல்வதே வழி. வாழைக்கு மண் அணைத்து, சவுக்கு அல்லது மூங்கில் முட்டுக் கொடுப்பதை ஐப்பசிக்கு முன் முடித்துவிடுங்கள்.

யாரிடம் சொல்வது?

100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி பொதுவாக நீர்வளத்துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. கரையில் எந்த வேலை செய்வதானாலும் அவர்களிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். கல் நட்ட இடத்தைப் படம் எடுத்து, நீளம் அகலம் எழுதி, நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் மூலமாக மனு கொடுங்கள். ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானமாகப் போட்டால் மழைக்கு முன் வேலை நடக்க நேரம் இருக்கும். அக்டோபர் 2 கிராம சபை வரை காத்திருந்தால் மழை முந்திவிடும்.

கரை ஆபத்தில் இருந்தால் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை எண் 1070. பயிர் தொடர்பான சந்தேகங்களுக்குக் கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551. சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு செய்யும் கடைசித் தேதியை உங்கள் வேளாண்மை உதவி அலுவலரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

புயல் அறிவிப்பு வரும் நாளில் வானிலைச் செய்தியில் மழை அளவோடு சேர்த்து இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: புயல் நமக்கு வடக்கே போகிறதா, தெற்கே போகிறதா; காற்று எந்த மணிக்குத் திசை மாறும். அந்த மணிக்கு, கல் நட்ட இடத்தில் இரண்டு பேர் இருக்கட்டும்.